அலுமினியம் எனக்கு அத்துப்படி என்று சொன்ன நாள்

ஊர் ஊராகச் சுற்றியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுவோம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது.

தாராவியில் பழைய பாத்திரம் உருக்கும் கொட்டகையில் சில மாதம் கிடந்தேன். (முழங்கைத் தழும்பு அங்கே வாங்கியது.) சட்டியில் போட்டால் அலுமினியம் சட்டென்று இளகிவிடும். அதனால், பிறகு வேலைக்குச் சேர்ந்த குர்லா ஒர்க்‌ஷாப்புக்கு அலுமினிய பானட் (எஞ்சின் மூடி) உள்ள கார் ஒன்று வந்ததும், முதலாளி செல்வராணி அக்காவிடம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அலுமினியமா? நமக்கு அத்துப்படிக்கா."

"சரிலே. வண்டி எடுக்க டிரைவர் முருகேசண்ணன் மகளோட வாராவ. உன்னையும் அப்படியே பாத்துக்கிடுவாவ. மானத்த வாங்கிராத."

மகள் வசந்தி, அக்கா எனக்காகப் பேசிவைத்திருந்த பெண்.

பூட்டைத் தாங்கும் தகட்டை பானட்டோடு பிளக் வெல்டு வைக்க வேண்டும். மேல் தகட்டில் ஓட்டை போட்டு, அதன் வழியே கீழ்த் தகட்டோடு சேர உருக்கி நிரப்பும் வேலை. இரும்புக்குப் போடும் அதே சின்ன ஓட்டையைப் போட்டேன். சீக்கிரம் இளகும் சாமான்தானே என்று மெஷினில் சூட்டையும் குறைத்தேன். ஒவ்வொரு ஒட்டும் முத்துப் போல நின்றது. நானே சொக்கிப்போனேன்.

வந்தார்கள். சாத்திய பானட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று வசந்தி ஒரு இழுப்பு இழுத்தாள். டக், டக், டக். பூட்டும் தகடும் கீழேயே நிற்க, பானட் மட்டும் அவள் கையோடு வந்தது.

"அப்பா, பூட்டத் திறக்காமலே திறக்கு!"

"ஓடுற வண்டியில திறந்திருந்தா?" என்றார் முருகேசன். "வாம்மா, போவோம்."

நான் குனிந்து பார்த்தேன். கீழ்த் தகட்டில் ஒரு கறைகூட இல்லை. அத்தனை நெருப்பையும் அது விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் பளபளத்தது.

"இது என்ன சட்டியாலே?" என்றாள் அக்கா. "வைக்கிற சூடெல்லாம் தகடு பூரா ஓடிரும். காத்து பட்டு மேல படியுற தோல் வேற, லேசுல உருகாது. சூட்டக் குறைச்சா கீழ எப்படிலே பிடிக்கும்?"

"இருங்கப்பா," என்றாள் வசந்தி. "இன்னொரு தடவ போடட்டும்."

பழைய தகடு இரண்டு எடுத்தேன். எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தோல் போகத் தேய்த்தேன். ஓட்டையைப் பெரிதாக்கினேன். சூட்டை ஏற்றி, கீழ்த் தகட்டின் நடுவில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வந்தேன்.

ஆறியதும், அக்கா சொன்னபடி வசந்தி அதை வைஸ் இடுக்கியில் மாட்டி உளியும் சுத்தியலுமாகப் பிளந்தாள். தகடு கிழிந்தது. ஒட்டு விடவில்லை, கீழ்த் தகட்டில் ஒரு துண்டையே பிய்த்துக்கொண்டு நின்றது. கோயிலில் திரை விலகியது போல நாலு பேரும் குனிந்து பார்த்தோம். சூடு கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும் அந்த மெல்லிய தகட்டுக்குள் இவ்வளவு பிடிவாதமா!

பானட்டை அதேபோல மறுபடி ஒட்டினேன். கல்யாணமும் நடந்தது. அதன்பிறகும் நான் செம்பூர், முலுண்ட் என்று வேலைகளை விட்டுவிட்டு வருவது நிற்கவில்லை. அப்போதெல்லாம் மாமனார் லேபர் கேம்ப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மகளிடம் கேட்பார்:

"என்னம்மா, மாப்ள ஒட்டு விட்டுட்டா?"

"ஆமாப்பா, சூடு பத்தல. நான் ஏத்திவிடுதேன்."