பரிசத் தட்டில் ஹார்மோனிக் பேலன்சர்

கூலாய்,
புதன்கிழமை

பெரும் மதிப்பிற்குரிய திரு. ஜெயபாலன் அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் அப்பா மூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. (சம்பந்தி என்றுதான் தொடங்கினேன். என் மனைவி சந்திரமதி, "அந்த உரிமை இன்னும் இருக்கா?" என்று கேட்டதால் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.) நாங்கள் நலம். பெக்கோக்கில் நீங்களும், தங்கள் தங்கை செல்வராணி அம்மாவின் இடது கால் கட்டைவிரலும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

ஞாயிறன்று பரிசம் போட வந்த நாங்கள் நல்ல நேரத்தை விட்டுவிட்டு ராகு காலத்தில் வந்து இறங்கியதற்கும், கல்யாணப் பட்டு மேல் இரும்புச் சக்கரம் உட்கார்ந்திருந்ததற்கும், நீங்கள் "தட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்று சொன்னதற்கும் காரணம் ஒன்றே. என் மகன் ஹேமநாதனின் பழைய ஜப்பான் கார் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று வரைக்கும் கத்திக்கொண்டு ஏறும். அந்த வேகத்தில் இன்ஜினுக்குள் கிராங்க் தண்டுக்கு ஒரு நடுக்கம் வருமாம். அதை அடக்கத் தண்டின் நுனியில் மாட்டுகிற கனத்த சக்கரம்தான் ஹார்மோனிக் பேலன்சர். பழையதில் ரப்பர் வெடித்துவிட்டது. உங்கள் மகள் லோஷினியை அந்தக் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போவேன் என்று சபதம் வேறு. அதனால் போகிற வழியில் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கார் சாமான் கடையில் "அஞ்சு நிமிஷம்பா" என்று வேனை நிறுத்தச் சொன்னான்.

கடையில் மூன்று வகை இருந்தது. ரப்பர் வளையம் வைத்தது அந்த இன்ஜினுக்கென்றே செய்ததாம், ஆனால் ரப்பர் என்றைக்காவது வெடிக்கும். உள்ளே கெட்டி எண்ணெய் அடைத்தது எல்லா வேகத்திலும் அடக்குமாம், ஆனால் லேசாக நசுங்கினாலும் போச்சு. மூன்றாவது வெறும் அலுமினியம், இன்ஜின் சட்டென்று ஏறும், ஆனால் நடுக்கத்தை அடக்கவே அடக்காது, எண்ணெய் பம்ப் நொறுங்கலாம். இவன் ஒன்றை எடுப்பான், வைப்பான், போனில் படிப்பான், பெருமூச்சு விடுவான். வேனில் லட்டு உருக ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் நான் தட்டிலிருந்து மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி என்று வகைக்கொரு பூ எடுத்து வெற்றிலையில் மடித்து, மேசை மேலேயே பூக்கட்டிப் பார்த்தேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே, "அங்கிள், நானே எடுக்கிறேன் லா, கடை சாத்தணும்" என்று கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். மல்லிகை. எண்ணெய் வகை. இவனோ, "அம்மன் எட்டாயிரத்துல ஓட்டிப் பார்த்திருக்காங்களாப்பா?" என்று கேட்டான். அம்மன் பொறுத்துக்கொண்டாள், சந்திரமதி பொறுக்கவில்லை. ஓர் அதட்டல் போட்ட பிறகு அதையே வாங்கினான்.

நசுங்கக்கூடாதே என்று வேனிலேயே மெத்தென்ற இடம் தேடியிருக்கிறான், பட்டுப்புடவை கிடைத்திருக்கிறது. மேலே துணி மூடியிருந்ததால் எங்களுக்குத் தெரியாது. செல்வராணி அம்மா புடவையைத் தூக்க, சக்கரம் அவர் காலில் விழ, "ஐயோ, நசுங்கிடுச்சா?" என்று இவன் பாய்ந்து வந்தான். அவர் பாவம், "கொஞ்சம் வலிக்குது தம்பி" என்றார். இவன் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "நல்லவேளை" என்றான். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு சக்கரத்துக்கே இத்தனை யோசித்தவன், உங்கள் மகளைப் பார்த்த அன்று யோசிக்கவே இல்லை. ஒன்றை முடிவு செய்துவிட்டால் மாற்றவே மாட்டான், அதற்கு நான் பொறுப்பு. பெரிய மனது பண்ணி இந்தச் சம்பந்தத்தை முறிக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, அந்த விரலுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஹேமநாதன் அதே சாமான் கடையிலிருந்து போன் செய்தான். சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வகை மாற்றிவிட்டானாம். திட்ட வாயைத் திறந்தேன், அவன் பக்கத்திலிருந்து லோஷினியின் குரல். "மாமா, நான்தான் சொன்னேன். அத்தை கால்ல விழுந்தத எட்டாயிரத்துல சுத்த விடக்கூடாது, ரப்பர் வச்சதையே எடுங்கன்னேன்." இவன் பின்னால் "சரி, சரி" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். உங்கள் மகள் இப்போது கிளினிக்கில் வேலையில் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் தட்டைத் திருப்பி அனுப்பியது இருவருக்கும் ஞாபகம் இருப்பதாகவே தெரியவில்லை. கல்யாணத்துக்கு நம் இருவரையும் கூப்பிடுவார்கள் என்றுதான் நம்புகிறேன்.