ரைட்டர் குழந்தைசாமியின் புதுப் பந்து

இந்தக் கதை நான் நேரில் கண்டதல்ல. காரவள்ளியில் மிளகு வியாபாரம் செய்யும் ஷேக் பரீத் பாய் எனக்குச் சொன்னது. அவரும் பாதிதான் பார்த்தார். மீதி அவர் கேட்டது. அதனால் சரிபார்க்க முடிந்த ஒன்றை மட்டும் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டாம் வருஷம். செம்மேட்டுக்குப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் துரைக்குப் பொழுது போகவில்லை. பங்களாவுக்குக் கீழே இருந்த புல்சரிவில் பழைய துரைமார் விட்டுப்போன ஆறு குழியைத் திரும்ப வெட்டி, குழிக்கொரு கொடி நட்டு, கோல்ப் ஆடினார். தனியாக ஆடி அலுத்துப்போய், ஆபீசில் இருந்த இரண்டு பேரையும் பிடித்து மட்டையைக் கையில் கொடுத்தார். ஒருவர் சேலத்திலிருந்து வந்த ஸ்டோர் கீப்பர் அருணாசலம். மற்றவர் கணக்கு எழுதும் ரைட்டர் குழந்தைசாமி. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டில் பிறந்து, எட்டாவது வரை படித்து, அந்த ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மலைக்காரர்.

பங்களா வராந்தாவில் ஒரு பலகை உண்டு. வருஷப் பந்தயத்தில் ஜெயித்தவர் பேரைத் தங்க எழுத்தில் எழுதுவார்கள். இதுவரை இருந்ததெல்லாம் துரைமார் பேர். அதில் தன் பேர் ஏற வேண்டும் என்று குழந்தைசாமி முடிவு செய்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று: புதுப் பந்து.

"நாம அடிக்கிற அடிக்குப் பழசே போதும் ரைட்டர்" என்றார் அருணாசலம். "நேராப் போகாத பந்து, புதுசா இருந்தா இன்னும் தூரமாத் தப்பாப் போகும். அவ்வளவுதான்."

"அடுத்தவன் அடிச்ச பந்தை நான் அடிக்கறதா? எச்சில் இலையில உக்காந்து சாப்பிடச் சொல்றீங்களா?"

அருணாசலம் சிக்கனக்காரர். பழைய பந்துகளையே சேர்த்து வைத்து, காணாமல் போகாதபடி ஒவ்வொன்றிலும் ஆணியால் 'அ' என்று கீறி வைத்திருந்தார். கீறியும் காணாமல்தான் போயின.

எல்லாருடைய பந்தும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. சரிவின் அடியில் இருந்த குழந்தைசாமியின் சாமைக்காடு. அதில் களை எடுத்தவள் அவர் மனைவி பெருமாயி.

"ஏனுங்க, காட்டுல கெழங்கு தோண்டறாப்பல வெள்ளை வெள்ளையா வருதுங்க. கூடையில நாப்பது கெடக்குது. அதை அடிச்சா ஆகாதுங்களா?"

"பெருமாயி, உனக்கு இது புரியாது. பந்துக்குள்ள ரப்பர் இருக்குது. ஒரு தடவை அடி வாங்குனா அதுக்கு ரோசம் போயிரும்."

"அப்படிங்களா? எத்தனை அடி வாங்குனாலும் ரோசம் கூடிக்கிட்டே போற ஆளுகளத்தான் நான் பாத்திருக்கறேன்."

குழந்தைசாமி மட்டையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மிளகு விற்ற பணத்தில் ஷேக் பரீத் மூலம் மெட்ராசிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். டஜன் பந்து.

பெட்டி வந்த அன்றைக்குப் பெருமாயி வாசலிலேயே மறித்தாள்.

"புதுச்சாமை வந்தா என்ன பண்ணுவோமுங்க?"

"சாமிக்கு வெச்சுட்டுத்தான் வாயில வெப்போம்."

"இது மட்டும் புதுசில்லீங்களா?"

அவர் மாட்டிக்கொண்டார். புதுசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். பெட்டி சாமி அறைக்குப் போனது. வேண்டும்போது பெருமாயி ஒரு பந்தை எடுத்து, சந்தனப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அவரே உள்ளே போய் எடுக்கலாம். ஆனால் துரை கொடுத்த பூட்சுக்கு அடியில் பன்னிரண்டு ஆணி, மேலே முழம் முழமாகக் கயிறு. அதை அவிழ்த்து மாட்டுவதற்குள் பொழுது போய்விடும். அதனால் வாசலில் நின்றே குரல் கொடுப்பார்.

"புள்ளே, ஒண்ணு!"

பந்து வரும். மூக்கருகே வைத்து இழுத்து முகர்வார். "ஆகா! இதுதான் புது வாசனை. பழசுல வருமா?"

"எங்கீங்க வரும்?" என்பாள் பெருமாயி, விரல் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைச் சேலையில் துடைத்துக்கொண்டே. பங்களா ஜன்னலுக்கு அடித்து மிச்சமான டப்பா அது.

பந்துகள் சாமைக்காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. பெட்டி தீர்ந்ததென்று பெருமாயி சொன்னால் குழந்தைசாமி பாயிடம் கொடுக்கச் சொல்லிப் பணம் தருவார். அவள் சந்தைக்குப் போவாள். "பெட்டி வந்திருச்சுங்க" என்பாள். இப்படி இன்னும் மூன்று தடவை. அதே வருஷம் வீட்டுக்கு ஓர் எருமையும் வந்தது. "எங்கண்ணன் ஓட்டியாந்து உட்டுச்சுங்க" என்றாள். மச்சினனின் பாசத்தைப் பற்றிக் குழந்தைசாமி ஆபீசில் ஒரு வாரம் பேசினார்.

பந்தய நாள் வந்தது. துரை இரண்டாவது குழியிலேயே பந்தைக் கிணற்றில் விட்டார். அருணாசலமும் குழந்தைசாமியும் கடைசிக் குழி வரை சமம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்று நாடே பார்த்தது. குழந்தைசாமி இருபதடி தள்ளி நின்று பந்தைத் தட்டினார். அது ஒரு கல்லில் ஏறி, ஒரு மாட்டுக் குளம்படியில் இறங்கி, யோசித்து, குழிக்குள் விழுந்தது.

வரப்பே துள்ளிக் கத்தியது. துரை கை கொடுத்தார். அங்கேயே பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். குழந்தைசாமி ஒரு மேடையில் ஏறினார். மேடை என்றால் கவிழ்த்துப் போட்ட காப்பிப் பெட்டி.

"மலைக்காரனால முடியாதுன்னாங்க. இன்னிக்குப் பலகையில நம்ம பேரு! காரணம் என்ன? பழசைத் தொடமாட்டேன்னு நின்னேன். புதுப் பந்து! அதுதான்!"

மிளகு எடை போட வந்திருந்த ஷேக் பரீத் கை தட்டினார். குழந்தைசாமிக்கு உள்ளம் பொங்கிவிட்டது.

"எல்லாம் பாய் அனுப்புன பந்து. நாலு பெட்டி!"

"நாலுங்களா?" என்றார் ஷேக் பரீத். "நான் உங்களுக்குக் கொடுத்தது ஒரே பெட்டிதானுங்களே. அதுவும் போன தையில."

குழந்தைசாமி பெருமாயியைப் பார்த்தார். பெருமாயி எருமை கட்டியிருந்த திசையைப் பார்த்தாள்.

அவர் மேடையை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார். அந்த வருஷத்தில் முதல் தடவையாக, பெட்டியைப் பார்ப்பதற்கென்று வாசலில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினார். சாமி அறையில் பெட்டி இருந்தது. மூடியில் வரிசையாக நாலு சந்தனப் பொட்டு. உள்ளே பன்னிரண்டு பந்து, காகிதம் பிரிக்காமல். பின்னாலேயே வந்த பெருமாயி பால் டம்ளரோடு நின்றாள்.

"ஏம்புள்ள, இத்தனை நாளா என்னை ஏமாத்துனியா?"

"அய்யோ, இல்லீங்க. பெட்டி பெட்டியாச் சாமிக்குத்தான் வெச்சேன். பந்து புதுசுன்னு நான் ஒரு நாளாவது சொன்னனுங்களா? நீங்கதான் மோந்து பாத்துச் சொன்னீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னதில்லை.

"அங்க பேரு எழுதிக்கிட்டிருக்கறாங்க" என்றாள் அவள் மெதுவாக. "பழசுல ஜெயிச்சேன்னு போய்ச் சொல்லிட்டு வாரேனுங்களா?"

"வேண்டாஞ்சாமி."

"அப்படீன்னா பாலைக் குடிங்க. ஆறுது."

குழந்தைசாமி குடித்தார். நல்ல கெட்டிப் பால்.

போன மாதம் அந்த பங்களாவுக்குப் போயிருந்தேன். பலகையில் அவர் பேர் இருக்கிறது. தங்க எழுத்து மங்கவில்லை. கீழே கண்ணாடிக் கிண்ணத்தில் ஜெயித்த பந்தையும் வைத்திருக்கிறார்கள். காவல்காரரிடம் கேட்டு, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில், ஆணியால் கீறிய ஓர் 'அ' இருந்தது.