கூடிப்போன நாலு அங்குலம்

பன்னிரண்டு வருட நம்பிக்கையின் விலை நாலு அங்குலம். முதலாளி பேரம்கூடப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்த விலைக்கே தள்ளிவிட்டார்.

அப்போது அவர் தன் வண்டி கட்டும் பட்டறையில் ஒரு பஸ்ஸுக்குள் மண்டியிட்டிருந்தார். பழைய சுற்றுலா பஸ். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டிரைவர் இடம் போக முன்பக்கம் இருபதடியில் கட்டில், அடுப்பு, கழிப்பறையோடு ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பதிமூன்றடியில் கராஜ். பல் டாக்டர் ஒருவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அதற்குள் ஏறி உட்கார வேண்டும். இரண்டே பேர் அடங்கும் பொம்மை மாதிரிக் கார். நீளம் பன்னிரண்டடி பத்தங்குலம். அதைப் பந்தயத்துக்குப் பந்தயம் ஏற்றிக்கொண்டு போய், டாக்டரும் அவர் மனைவியும் பஸ்ஸிலேயே குடியிருப்பதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை காலை வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

முதலாளி தன் டேப்பின் கொக்கியை நடுச்சுவரில் மாட்டி, பின்கதவு வரை இழுத்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பதிமூன்றடி நாலங்குலம்.

வேறு யாராவது என்றால் தாராளமாக இருக்கிறதே என்று எழுந்து போயிருப்பார்கள். முதலாளி கடைத்தெருவில் வளர்ந்தவர். ஒன்று குறைந்தால் எவனோ எடுத்திருக்கிறான், அவனைப் பிடித்துவிடலாம். ஒன்று கூடினால் எவனோ கொடுத்திருக்கிறான், அவன்தான் ஆபத்தானவன்.

"மாப்ளே!"

மனைவியின் தம்பி, பன்னிரண்டு வருடமாகப் பட்டறையின் தச்சன், காதில் பென்சிலோடு வந்தான்.

"கராஜ் எத்தனை அடி?"

"பதிமூணு மாமா. நேத்துதானே சுவர நிறுத்தினேன்."

"நாலு இஞ்சு கூட இருக்கு. டாக்டர் என்ன குடுத்தாரு?"

"எதுக்கு?"

"நாலு இஞ்சுக்கு."

"எனக்கு ஒரு பல் பிரஷ் குடுத்தாரு. அதுவும் என் பல்லைப் பாத்துட்டு."

"பாத்தியா! பிரஷ்லதான் ஆரம்பிக்கும்."

மச்சினன் இடுப்பிலிருந்து தன் டேப்பை எடுத்தான்.

"உள்ள வை. உன் டேப்பு உனக்குத்தானே சாட்சி சொல்லும்?"

முதலாளியின் டேப் பற்றி ஒரு வார்த்தை. அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்காது. பட்டறையில் யாருக்கும் இரவல் கிடையாது. வீட்டிலும் அதே டேப்தான். ஜன்னல் திரைத் துணி, கொடிக்கயிறு, மெத்தை உறை, எது வந்தாலும் வாசலிலேயே அளப்பார். எப்போதும் அரை அங்குலமாவது குறையும். கடைக்காரன் ஏமாற்றினானா, அவனோடு சேர்ந்து மனைவியும் ஏமாற்றினாளா என்று சாப்பாடு ஆறும்வரை விசாரணை நடக்கும்.

சுவரைப் பெயர்த்து நாலங்குலம் பின்னால் தள்ளி நிறுத்தச் சொன்னார். இப்போது கராஜ் கணக்காகப் பதிமூன்றடி.

புதன்கிழமை டாக்டரின் மனைவி வந்து, மச்சினனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பியதும் முதலாளி முன்பக்க வீட்டை அளந்தார். இருபதடி எட்டங்குலம்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"முகம் பாக்கற கண்ணாடி எங்க மாட்டுவீங்கன்னாங்க."

"அதுக்கு எதுக்குடா மெதுவா பேசணும்?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காராம்."

"ஒரு கண்ணாடிக்கு எட்டு இஞ்சா? புருஷனுக்கு நாலு, பொண்டாட்டிக்கு எட்டு. நல்லா கடை விரிச்சிருக்கே மாப்ளே!"

சுவரை மறுபடி முன்னால் நகர்த்தினால் கராஜ் கூடிவிடும். எனவே இரண்டாவதாக ஒரு சுவர் எழுந்தது. வீடு இருபதடி, கராஜ் பதிமூன்றடி, இரண்டுக்கும் நடுவே எட்டங்குலத்தில் ஓர் இருட்டுச் சந்து.

"இந்தச் சந்து எதுக்கு முதலாளி?" என்றார் பட்டறையின் வெல்டர்.

"எதுக்கும் இல்ல."

சொல்லிவிட்டாரே தவிர, மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. எதற்கும் இல்லாத இடத்தை எவன் சும்மா விடுவான்? எதையாவது ஒளித்து வைத்தால்? சந்துக்கு ஒரு சின்னக் கதவு போட்டுப் பூட்டினார். சாவியை எங்கே வைத்தாலும் யாரோ பார்ப்பது போலிருந்ததால், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை பஸ்ஸையே வெளியிலிருந்து ஒரே இழுப்பாக அளந்தார். வாங்கிய ரசீதில் முப்பத்தைந்தடி என்று போட்டிருந்தது. டேப் முப்பத்தைந்தடி நாலங்குலம் என்றது.

"வித்தவன் நாலு இஞ்சு சும்மா குடுத்திருக்கான்," என்று வெல்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா வண்டியில என்னமோ பெரிய கோளாறு இருக்கு. இல்லன்னா எவன் குடுப்பான்?"

கடைசி முயற்சியாக ஆபீஸ் அறைக்குப் போய்த் தன் மேசையை அளந்தார். நாலடி மேசை. அவரே நின்று செய்யவைத்தது. நாலடி நாலங்குலம். அவர் வெகுநேரம் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேசையையும் மாத்திட்டாங்க," என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலம் மனைவியிடம், கராஜிலிருந்து மேசை வரை எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கையிலிருந்த கரண்டி நின்றது.

"வேற டேப்பால அளந்து பாருங்களேன்."

"யாரு டேப்பு? உன் தம்பி டேப்பா?"

"இப்பக் கூடத்தானே இருக்கு? கூட இருந்தா நிம்மதியா இருப்பீங்கன்னு..."

"இருப்பேன்னு?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அக்காவும் தம்பியும் கூட்டு. முதலாளிக்கு அதோடு சந்தேகமே இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் காரோடு வந்தார். சரிவுப் பலகையில் கார் அழகாக ஏறியது. மூக்கு சுவரில் இடித்து நின்றது. பின்பக்கம் இரண்டங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கதவு மூடவில்லை. முன்பக்கம் டாக்டரின் மனைவி, கட்டிலை உள்ளே வைக்க முடியாமல் நாலு ஆட்கள் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிமூணடி சொன்னேனே!" என்றார் டாக்டர். "மத்தியானத்துக்குள்ள நான் கிளம்பணும். இல்லன்னா பந்தயத்துல பேரை அடிச்சிருவாங்க."

முதலாளி அளந்து காட்டினார். "இதோ பதிமூணு. உங்க காருதான் வளந்திருக்கு."

"கார் வளருமாய்யா?"

"பஸ்ஸே வளருது சார்."

முதலாளி மச்சினன் பக்கம் திரும்பினார். "பெட்டியத் தூக்கு மாப்ளே. இனி இந்த வாசல்ல உனக்கு வேலை இல்ல."

மச்சினன் உளியையும் இழைப்புளியையும் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். முதலாளி போனை எடுத்து மனைவிக்குச் செய்தி சொன்னார். மறுமுனையில், "பத்து நிமிஷம் அவனை நிறுத்தி வைங்க," என்று மட்டும் கேட்டது.

பத்தாவது நிமிஷம் அவர்கள் வீட்டுக்கு எதிர்க்கடை மெத்தைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"வீட்ல அம்மா குடுத்தாங்க. உடனே தரணும்னாங்க."

பொட்டலத்துக்குள் மஞ்சளாக ஒரு தகடு. அதில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்கள். முதலாளி சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, கொக்கியருகே பிடித்திருந்த கட்டைவிரலை வாழ்க்கையில் முதல்முறையாக நகர்த்திப் பார்த்தார். டேப் ஐந்தில் ஆரம்பித்தது.

மச்சினனிடம் கையை நீட்டினார். மச்சினன் தன் டேப்பைக் கொடுத்தான். இருவரும் பஸ்ஸுக்குள் ஏறினார்கள். இறங்கிவந்து, முதலாளி பாக்கெட் நோட்டில் எழுதினார்: கராஜில் குறைவு நாலு. வீட்டில் குறைவு நாலு. சந்தில் இருப்பு எட்டு. கணக்கு நேர்.

"ரெண்டு சுவரையும் எடுத்துட்டுப் பழைய இடத்துல ஒண்ணு நிறுத்த எவ்வளவு நேரமாகும் மாப்ளே?"

"ரெண்டு மணி நேரம். சந்துச் சாவியக் குடுங்க."

சாவி கழுத்திலிருந்து இறங்கியது. பெட்டி மறுபடி திறந்தது. முதலாளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒடிஞ்சு போச்சுன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இதுல மறைக்க என்ன இருக்கு?"

"ஒடியல முதலாளி," என்றார் மெத்தைக்காரர். "போன ஞாயித்துக்கிழம நீங்க குளிக்கப் போனப்ப அம்மாவே என் கத்தரிய வாங்கி வெட்டினாங்க, நான் கொக்கிய மாட்டிக் குடுத்தேன். 'எதை அளந்தாலும் குறையுது குறையுதுன்னு சந்தேகப்படறாரு, இனிமே எல்லாமே நாலு இஞ்சு கூடவே காட்டட்டும், அப்பவாவது மனுஷன் நிம்மதியா இருப்பாரு'ன்னாங்க."

முதலாளி அந்தத் தகட்டை டேப்போடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து, 'நேர்' என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினார்: உபரி நாலு. கொடுத்தது மனைவி.