குசுகுசுக் குடும்பம்

“கத்தாதீங்க!” என்று கத்தினாள் பி.டி. டீச்சர்.

“நான் எங்க கத்தறேன்? நீதான் கத்தற!” என்று கைகளை வீசி அவளைவிட உரக்கக் கத்தினார் அவள் கணவர் லேத்துக்காரர்.

கட்டிலுக்கு அடியில் இருந்த வெள்ளை நாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதன் கீழிருந்து ஓர் ஈரக்கோடு கிளம்பி மெல்ல அவர்கள் கால் வரை வந்தது.

இருவரும் வாயை மூடினார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

சத்தம் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பட்டறையில் லேத் மெஷினின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவருக்குத் தொண்டை அகலமாகிவிட்டது. அவளோ மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் ஓடும் பிள்ளையை ஓர் அதட்டலில் நிறுத்துகிறவள். விசில் சும்மா மரியாதைக்குக் கழுத்தில் தொங்கியது. “என் கண்ணாடி எங்கே?” என்று அவர் கேட்டால் மாடி வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தன் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அன்று மாலை நாய் வந்திருந்தது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு மரவாடி. அதன் முதலாளி ஒரு நாயைக் கட்டுக்கம்பியால் தூணோடு கட்டிப் போட்டிருந்தான். போகும்போது ஓர் அடி, வரும்போது ஓர் அடி. மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து லேத்துக்காரர் பல நாள் சண்டை போட்டுப் பார்த்தார். அன்று அடித்த அடியில் கட்டையே முறிந்துவிட்டது. நாய் எழுந்திருக்கவில்லை. அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து இவர் மதிலேறிக் குதித்தார். கட்டரால் கம்பியை வெட்டினார். தன் சட்டையைக் கழற்றி நாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, வெறும் பனியனோடு கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

டாக்டரம்மா கழுத்துப் புண்ணுக்கு மருந்து வைத்தார். விலா எலும்பில் விரிசல், ஒரு காலில் வீக்கம் என்றார். கடைசியாக, “ரொம்ப மிரண்டு போயிருக்கு. வீட்டுல சண்டை சச்சரவு இல்லாம அமைதியா வெச்சுக்கங்க” என்றார்.

எல்லா மாத்திரைக்கும் சரி சரி என்று தலையாட்டிய லேத்துக்காரர், இதற்கு மட்டும் தலையைச் சொறிந்தார்.

பி.டி. டீச்சர் துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். குனிந்தவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்பி தின்ற வட்டம். அவளுக்குக் கோபத்தில் இன்னும் ஒரு தடவை கத்தவேண்டும் போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

“இனிமே இந்த வீட்டுல யாரும் சத்தமாப் பேசக்கூடாது” என்றாள் சன்னமாக.

“என்ன?”

“மெதுவாப் பேசணும்னு சொன்னேன்!”

“மெதுவா!” என்று அவர் அவளை எச்சரித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். கடைசியில் நாய்க்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஆனால் பேச்சை நிறுத்தலாம், சண்டையை எப்படி நிறுத்துவது? மறுநாள் காலையிலேயே ஒன்று பாக்கி இருந்தது.

“நாயைக் கொண்டாறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று அவள் கிசுகிசுத்தாள்.

“கேக்கலை.”

“என்னைக் கேக்கலையா, நான் சொன்னது கேக்கலையா?”

“ரெண்டும்.”

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதருகே வாயை வைத்துத் திட்ட வேண்டியிருந்தது. அவரும் அப்படியே பதில் திட்டு திட்டினார். கையை வீசி முழங்க இடமில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன. அவள் காது மடலுக்குப் பின்னால் ஒரு சின்ன மச்சம் இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். என்ன திட்டிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோனது.

முதல் விபரீதம் மாடியிலிருந்து வந்தது. போஸ்ட்மாஸ்டருக்குத் தினமும் கண்விழிப்பே கீழ் வீட்டுச் சண்டையில்தான். சண்டை இல்லாததால் தொடர்ந்து நான்கு நாள் தூங்கிப் போனார். ஐந்தாம் நாள் பயம் வந்துவிட்டது. டீச்சரின் அண்ணனுக்குப் போன் போட்டார்.

“உங்க தங்கச்சி வீட்டுல பேச்சு மூச்சே இல்லைங்க. எனக்கென்னவோ சரியாப் படல.”

லாரி சர்வீஸ் நடத்தும் அண்ணன் அலறியடித்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்த தங்கை உதட்டில் விரலை வைத்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்று அவரும் ரகசியக் குரலில் கேட்டார்.

“உள்ள படுத்திருக்கு. பாவம், ரொம்ப அடி.”

“யாரு, மாப்பிள்ளையா? நீயா அடிச்ச?”

“ஐயோ, நாய்ண்ணே!”

“மாப்பிள்ளையை அப்படிச் சொல்லாதம்மா” என்றார் அண்ணன் கண்கலங்கி.

அந்த நேரம் மாப்பிள்ளை உள்ளேயிருந்து பூனை நடை நடந்து வந்து, அவர் தோளைத் தொட்டு, “வாங்க மச்சான்” என்று காதோடு சொன்னார். அண்ணன் தூக்கிவாரிப் போடத் திரும்பினார். நாய் மிரளுமென்று கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்க விடாததால், விஷயத்தை விளக்கிய பிறகும் அவர் நம்பவில்லை. நாய்க்காக இந்த இரண்டு பேர் மெதுவாகப் பேசுகிறார்களா? இவர்கள் கல்யாணத்தன்று மண்டபத்தில் மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள் ஆயிற்றே! உறவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: “முகம் கொடுத்துப் பேசிக்கறதில்ல. காதுலதான் பேசிக்கறாங்க.”

உறவினர் போன் மேல் போன் போட்டார்கள். போனிலும் இருவரும் கிசுகிசுத்தார்கள். சந்தேகம் உறுதியானது.

“இதுக்கு ஒரே வழிதான்” என்றார் லேத்துக்காரர். “வெளியில போய் எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு சண்டை போட்டுட்டு வந்துடுவோம். நாம நல்லா இருக்கோம்னு தெரிஞ்சுடும்.”

தெருமுனைக்குப் போனார்கள். நாள் கணக்கில் அடைத்து வைத்திருந்த குரல் இருவருக்கும். தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டதில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு வராத அவருடைய சித்தப்பா வரை போனார்கள். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கினார். சைக்கிளில் போனவர் இறங்கிக்கொண்டார். மனசு லேசாகி, இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

போஸ்ட்மாஸ்டர் அதற்குள் அடுத்த போனைப் போட்டிருந்தார். “நடுத்தெருவுக்கே வந்துட்டாங்க!”

மறுநாள் அண்ணன் லாரியோடு வந்தார். கூடவே இரண்டு சுமை தூக்கும் ஆட்கள்.

“நீ ஒண்ணும் பேச வேணாம்மா. கிளம்பு. நாங்க சீதனமாக் குடுத்த கட்டில், பீரோ எல்லாத்தையும் ஏத்தறோம்.”

தங்கை வேண்டாம் வேண்டாம் என்று கிசுகிசுத்தது யாருக்கும் கேட்கவில்லை. ஆட்கள் கட்டிலை அலாக்காகத் தூக்கினார்கள்.

கட்டில் போன இடத்தில், வெட்டவெளியில், நாய் சுருண்டு கிடந்தது.

“மெதுவா, மெதுவா” என்று லேத்துக்காரர் கெஞ்சினார். கட்டிலைப் பிடித்த கையோடு ஆட்கள் சிலையாக நின்றார்கள். அண்ணன் நாயின் கழுத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு மெல்லத் தரையில் உட்கார்ந்தது. உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தட்டினார்.

நாய் எழுந்தது. ஒரு காலை ஊன்றாமல் நொண்டி நொண்டி வந்தது. கையை மோந்து பார்த்தது. பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதத்தில், தன் தலையை அவர் தொடைமேல் வைத்துப் பெருமூச்சு விட்டது. அது தானாக ஒரு மனிதனைத் தொட்டது அதுதான் முதல் முறை.

“கட்டிலை இறக்குங்கடா” என்றார் அண்ணன், சத்தமே வராமல் அழுதபடி. “மெதுவா.”

அதற்குப் பிறகு நாய்க்கு ஏறுமுகம்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து கதவுக்குப் பின்னால் குடிவந்தது. அங்கிருந்து சோபாவுக்கு. டீச்சரின் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்றது. அவர்கள் காதோடு காதாகச் சண்டை போட உட்கார்ந்தால் நடுவில் வந்து புகுந்துகொண்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த முகம் முன்னால் இருக்கும்போது யாருக்குத்தான் சண்டை வரும்?

இறங்குமுகம் வேலையிடத்தில்தான். பழக்க தோஷத்தில் டீச்சர் மைதானத்திலும் கிசுகிசுத்தாள். ‘ஓடு’ என்றது கேட்காமல் ஓட்டப் பந்தயப் பிள்ளைகள் கோட்டிலேயே குனிந்து நின்றார்கள். தொண்டையில் கோளாறு என்று நினைத்த தலைமையாசிரியை அவளை நூலகத்துக்கு மாற்றினார். பட்டறையில் லேத்துக்காரர் “போதும், நிறுத்து” என்று முணுமுணுத்தது எவனுக்கும் எட்டாமல், முழங்கைப் பருமன் இரும்புத் தண்டு சுண்டுவிரல் பருமனாகி வந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவை இடித்தார்கள். மரவாடி முதலாளி.

“என் நாயைத் திருடிட்டு வந்து வெச்சிருக்கியாமே?”

“மெதுவாப் பேசுங்க. உள்ள அது...” என்று லேத்துக்காரர் கிசுகிசுத்தார்.

“என்னய்யா, பயத்துல குரலே வரல? அன்னிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு அந்தக் குதி குதிச்ச?” அவன் செருப்போடு உள்ளே வந்தான். “திமிர் புடிச்ச சனியன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் காதுலயே வாங்காது. அதான் நாலு போட்டேன். என் நாய், நான் அடிப்பேன், உனக்கென்ன?”

சோபாவிலிருந்த நாய் அவனைக் கண்டது. அதன் உடம்பு பாதியாகச் சுருங்கியது. இறங்கி, டீச்சரின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதன் நடுக்கம் அவள் முழங்காலுக்குத் தெரிந்தது.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

“வெளியில போடா!” என்றார்கள் இருவரும்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதுவரை ஒருவரோடு ஒருவர் மோதியே பழகிய இரண்டு குரல்கள் முதல்முறையாக ஒரே பக்கம் சேர்ந்தன.

“போலீஸைக் கூப்பிடறியா? கூப்பிடு! ஒவ்வொரு தழும்பையும் நானே காட்டறேன்!” என்றாள் டீச்சர், ஒரு கையால் நாயின் தலையை அணைத்தபடி.

“டாக்டரம்மா சாட்சி! முறிஞ்ச கட்டை சாட்சி! இன்னொரு தடவை இந்தத் தெருப் பக்கம் உன் நிழல் தெரிஞ்சுது...” என்று வாசற்படியை அடைத்து நின்று முழங்கினார் லேத்துக்காரர்.

மரவாடி முதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பின்பக்கமாகவே நடந்தான். படியில் இடறினான். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

மாடியிலிருந்து பாதி முகச்சவர நுரையோடு இறங்கி வந்தார் போஸ்ட்மாஸ்டர். “அப்பாடா! பழையபடி ஆயிட்டீங்களா? வயித்துல பாலை வார்த்தீங்க!”

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரே நிமிஷத்தில் தூள் தூளாக்கிவிட்டோமே! பயந்து பயந்து திரும்பினார்கள்.

நாய் நடுக்கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நடுக்கம் இல்லை. வாசலையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்துவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்த்தது. பிறகு வாலால் தரையைப் பெருக்க ஆரம்பித்தது.

“நம்மளைப் புரிஞ்சுக்கிச்சுங்க” என்று டீச்சர் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். புண் ஆறி முடி முளைத்திருந்தது. எலும்பு கூடிவிட்டது.

“அடையாளமே தெரியலையே! என்ன பண்ணினீங்க?” என்றார் டாக்டரம்மா.

“சத்தமே போடலை டாக்டர்” என்று டீச்சர் பெருமையோடு கிசுகிசுத்தாள். “எல்லாமே ரகசியமாத்தான் பேசினோம். நேத்து ஒரு நாள்தான் கொஞ்சம்...”

அந்த நேரம் உதவியாளரின் கையிலிருந்து கத்தரி, கிண்ணமெல்லாம் இருந்த எஃகுத் தட்டு நழுவித் தரையில் விழுந்தது. வெளியே காத்திருந்த பூனை கூடையோடு துள்ளியது. லேத்துக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். நாய் மட்டும் தன் முன்னங்காலை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா டாக்டர், எவ்வளவு தைரியம் வந்துடுச்சு!” என்றாள் டீச்சர்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நாயின் தலைக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். தட்டை எடுத்து வந்து தட்டினார். விளக்கடித்துக் காதுக்குள் நெடுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தரையில் கத்தரியைப் பொறுக்கிக்கொண்டிருந்த உதவியாளர்தான் வாய் பொறுக்காமல் கேட்டார்:

“ஏம்மா, வெள்ளை நாய்ல சிலது இப்படித்தான், இது பொறவியிலேயே செவிடும்மா... இத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் யாருக்காகக் குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்க?”