வகுப்பில் எனக்கு ஒன்பது பிள்ளைகள்

யேசு மரி சூசை துணை

குருநகர்,
செவ்வாய்க்கிழமை.

பாசமுள்ள றெஜினா அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் தம்பி கனிசியஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெர்னடெட்டும் பிள்ளை ஜெசிதாவும் புனித யாகப்பர் புண்ணியத்தில் சுகம். அங்கே உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் சீனி வருத்தமும் இந்தக் குளிரில் கூடாமல் இருக்க மன்றாடுகிறோம். கையில் ரெலிபோன் இருக்கும்போது இவன் ஏன் கடதாசியைக் கெடுக்கிறான் என்று நினைப்பீர்கள். கோபிக்க வேண்டாம் அக்கா, ரெலிபோனில் நான் "ஹலோ" சொன்னதும் நீங்கள் கதைக்கத் தொடங்கினால், எனக்கு அடுத்த சொல் வர முன்னம் டேட்டா முடிந்துவிடுகிறது. கடிதம் என்றால் கடைசிவரை நான்தான் கதைப்பேன். வெள்ளிக்கிழமை பிரான்சுக்குத் திரும்பும் சுபாஸ்கரனிடம் இதையும் ஒரு பொதி கட்டாக் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன்.

போன வருஷம் நீங்கள் அங்கே பிரான்சில் இருக்கிற அந்தக் கிறிஸ்ரோபர் பொடியனின் சம்பந்தத்தைக் கொண்டுவந்தபோது நான் தந்த வாக்கு உங்களுக்கு மறந்திருக்காது. "பிள்ளை படிக்கட்டும் அக்கா. எங்கடை பரம்பரையிலை ஏ-லெவல் தாண்டி ஒரு கொலிச்சுக்குப் போற முதல் ஆள் அவள்தான். ஒருக்கா எண்டாலும் சறுக்கினாள் எண்டால், அடுத்த கிழமையே ஞானஸ்நானச் சான்றிதழையும் போட்டோவையும் அனுப்பி வைக்கிறன்" என்று சொன்னேன். வாக்கு வாக்குத்தான். பிள்ளை சறுக்கிவிட்டாள். ஆகையால் இரண்டையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். ஆனால் எப்படிச் சறுக்கினாள் என்பதை நானே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஊரில் உள்ளவர்கள் கண் காது மூக்கு வைத்து உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

சனியன் முதல் நாளே பிடித்தது. கோப்பாயில் புதிதாய்த் திறந்த சமுதாயக் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்து, விடிய எழும்பி, சட்டை மினுக்கிப் போட்டு, மாதாவைக் கும்பிட்டுப் படலையைத் திறந்தால், முன்வீட்டுச் சின்னத்தங்கம் மீன் கடகத்தோடு நின்றுகொண்டு "எங்கை பிள்ளை போறாய்?" என்று கேட்டுவிட்டா. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கலாமா? ஐம்பது வருஷம் குருநகரில் இருந்த மனிசிக்கு இது தெரியாதா? பெர்னடெட் உடனே பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, தண்ணி குடிக்க வைத்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் விட்டா. அதற்குள் பஸ் போய்விட்டது. பிள்ளை முதல் நாளே பிந்திப் போய், அங்கே ஏன் பிந்தினாய் என்று ஆங்கிலத்தில் கேட்க, இவள் நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். "வேற ஏதும் சாட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "அதுதானே அப்பா நடந்தது" என்றாள்.

அக்கா, இதுதான் இவளில் உள்ள பெரிய வருத்தம். ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தெருவில் உள்ளவர்களின் கடிதம், மருந்துப் பெட்டி, குளிர்ப்பெட்டியோடு வந்த புத்தகம் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. அதே சின்னத்தங்கம் மகனின் விசாவுக்கு எம்பசி அனுப்பின கடிதத்தைக் கொண்டுவந்தா. பிள்ளை வாசித்துவிட்டு "விசா இல்லையாம் அன்ரி" என்றாள். "கொஞ்சம் நல்லதாய் வாசியன் பிள்ளை" என்று மனிசி கெஞ்சுகிறா. "இதிலை அப்பிடித்தான் அன்ரி எழுதியிருக்கு" என்கிறாள் இவள். பிறகு அந்த மனிசிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து, மறுபடி விண்ணப்பிக்க இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தாள். ஆனால் அந்தக் கடிதத்தில் உள்ள ஒரு சொல்லை மாற்றி வாசி என்றால் மாட்டாள். ஆரைக் கொண்டு பிறந்ததோ தெரியாது. நான் கரையில் மீன் விற்கும்போது எத்தனை பொய் சொல்லுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது சறுக்கின கதைக்கு வாறன். பிடித்த மீனை ஐஸில் வைத்துக் காப்பது பற்றி ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதவேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். புத்தகத்தில் இருப்பது என்ன, எனக்குத் தெரிந்தது என்ன! மூன்று பின்னேரம் நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே தமிழில் சொல்ல, அவள் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினாள். அவளோடு எட்டுச் சிநேகிதிகள். ஒருத்தி லப்டொப் இரவல் தந்தாள், ஒருத்தி மீன் படம் கீறித் தந்தாள், நெல்லியடிக் கஜந்தினி பிறின்ற் எடுத்துத் தந்தாள், ஒருத்தி எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தாள். எழுதி முடித்ததும் "அப்பா, அவையளுக்கும் இதைக் குடுக்கலாமோ?" என்று கேட்டாள். அக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவன் எவனுக்கும் பங்கு இல்லையென்று எங்கள் அப்பு எந்தக் காலத்திலாவது சொன்னவரா? சின்னனில் நீங்களே கயிற்று நுனியைத் தொட்டுவிட்டுப் பங்கு கேட்டுக் கரையில் உருண்டு அழுதனீங்கள். அந்த நியாயத்தில்தான் நானும் "கயிறு பிடிச்ச எல்லாருக்கும் பங்கு இருக்குப் பிள்ளை, குடு" என்றேன். அவளும் கொடுத்துவிட்டாள்.

போன வியாழக்கிழமை தகப்பன் வரவேண்டும் என்று கல்லூரியில் இருந்து கடிதம். கல்யாணத்துக்குத் தைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். படிப்பிக்கிற மிஸ் குருநாகல் பக்கம், நல்ல மனிசி, ஆனால் தமிழ் தெரியாது. எனக்கு மீன் விலை சொல்லுகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். ஆங்கிலத்தில் என்ஜின், ஐஸ், ஓக்கே என்ற மூன்று சொல்லோடு என் கதை முடிந்தது. பிறகு ஆர் மொழிபெயர்ப்பது? ஜெசிதாதான். அவளைப் பற்றின முறைப்பாட்டை அவளே எனக்குத் தமிழில் சொல்லவேண்டிய நிலைமை.

மிஸ் மேசையில் ஒன்பது கடதாசிக் கட்டுகளை வரிசையாய் வைத்தா. "அப்பா, ஒன்பதிலையும் முதல் வரி ஒண்டாம்" என்றாள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு. என்ன வரி என்று கேட்டேன். அவள் வாசித்தாள்: "என் தந்தை கனிசியஸ் முப்பத்தொரு வருஷமாகக் கடல் தொழில் செய்கிறார். நல்ல மீனின் கண் எங்களைத் திருப்பிப் பார்க்கும் என்று அவர் சொல்லுவார்." அட கடவுளே! பங்கு வாங்கினவளுகள் தகப்பன் பெயரையாவது மாற்றவேண்டாமா? நெல்லியடியில் தையல்கடை வைத்திருக்கிற மனிசன்ரை மகளுக்கும் நான்தான் தகப்பன். சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிற மனிசன்ரை மகளுக்கும் நான்தான் தகப்பன்.

"இந்த வகுப்பிலை உங்களுக்கு ஒன்பது பிள்ளையளோ எண்டு மிஸ் கேக்கிறா" என்றாள்.

"ஒண்டுதான் எண்டு சொல்லு. வடிவாச் சொல்லு. உன்ரை கொம்மாவின்ரை காதிலை விழமுந்திச் சொல்லு!"

அந்தக் கடைசி வசனத்தையும் விடாமல் மொழிபெயர்த்துவிட்டாள் என்பது மிஸ் வாயைப் பொத்தின விதத்தில் தெரிந்தது. பிறகு மிஸ் முகத்தை இறுக்கிக்கொண்டு கனநேரம் கதைத்தா. பிள்ளை ஒவ்வொரு வசனமாய்ச் சொன்னாள். "பாத்து எழுதினதும் களவுதானாம், பாத்து எழுதக் குடுத்ததும் களவுதானாம். முதல் பிழை என்னிலைதானாம் அப்பா. என்னை வகுப்பாலை நிப்பாட்டவும் ஏலுமாம்." ஒரு சொல்லும் குறையவில்லை. அக்கா, அவள் நினைத்திருந்தால் "கெட்டிக்காரப் பிள்ளை, கவனமாய்ப் பாருங்கோ எண்டு சொல்லுறா" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு என்ன விளங்கப் போகிறது? நானும் ஓக்கே சொல்லிவிட்டு வந்திருப்பேன். 

பிறகு நான் எழும்பி நின்று கரைவலையைப் பற்றிச் சொன்னேன். கயிறு, பங்கு, அப்பு, நீங்கள் உருண்டு அழுதது எல்லாம் சொன்னேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் பிள்ளை கையாலேயே கயிறு இழுத்துக் காட்டினாள். மிஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாய் ஏதோ சொன்னா. "கடலிலை அது நியாயம்தானாம் அப்பா. மீனைப் பங்கு போடலாமாம், நீச்சலைப் பங்கு போடேலாதாம். தண்ணியிலை விழுந்தால் அவனவன்தான் நீந்தவேணுமாம்" என்றாள். நியாயமான கதைதான். நான் ஒத்துக்கொண்டதாக முகத்தில் காட்டவில்லை.

கடைசியில், நிப்பாட்டவில்லை. ஒன்பது பேருக்கும் பாதிப் புள்ளி வெட்டு. எல்லாரும் தங்கள் வீட்டில் சாப்பாட்டுச் சாமானை எப்படிப் பழுதாகாமல் வைக்கிறார்கள் என்று அவரவர் தாய் தகப்பனிடம் கேட்டுப் புதிதாய் எழுதவேண்டும். சனிக்கிழமை எட்டுப் பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜெசிதா தமிழில் விளங்கப்படுத்தி ஆங்கிலத்தில் எழுதப் பழக்கினாள். தையல்காரரும் வெங்காயக்காரரும் மகள்மாருக்கு நல்ல நல்ல விஷயம் சொல்லியிருக்கிறார்கள். பெர்னடெட் மட்டும் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் "மற்ற எட்டுப் பேரின்ரை தாய்மார் ஆரப்பா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துவிட்டா.

எப்படியானாலும் சறுக்கல் சறுக்கல்தான். நேற்று ஜெசிதாவைக் கூப்பிட்டு வாக்கைப் பற்றிச் சொன்னேன். "மாமிக்குச் சொன்னதைச் செய்யுங்கோ அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், கல்லூரிச் சட்டை இரண்டையும் தோய்த்து, காயவைத்து, மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். பெர்னடெட் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் வீட்டுத்தலைவன், சொன்ன சொல் மாறமாட்டேன். ஆகவே அக்கா, நீங்கள் கிறிஸ்ரோபர் வீட்டில் கதைத்து மேற்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யுங்கள்.

அத்தானுக்கு என் அன்பு. அங்குள்ள பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போட்டுவிடுங்கள். மாதா உங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத உங்கள் தம்பி,
கனிசியஸ்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை ஜெசிதாவிடம் கொடுத்தேன். முழுதையும் வாசித்தாள். "பிழை இருக்கோ?" என்று கேட்டேன். "பதினொரு இடத்திலை எழுத்துப்பிழை, திருத்தியிருக்கிறன்." "வேற ஒண்டும் மாத்தேல்லையோ?" "இல்லை அப்பா, நீங்கள் சொன்னது அப்பிடியே இருக்கு." கண் சிவந்திருந்தது. கவரில் உங்கள் விலாசத்தைப் பிரெஞ்சில் வடிவாய் எழுதி, சான்றிதழ் மடியாமல் இருக்க ஒரு மட்டையும் வைத்து, "ஒட்டட்டோ அப்பா?" என்று கேட்டாள். நான் கவரைப் பறித்துக்கொண்டேன்.

ஆற இருந்து யோசித்துப் பார்த்தால், சறுக்கினது அவள் இல்லை, "குடு" என்று சொன்ன நான். சான்றிதழ் அனுப்புவதென்றால் என்னுடையதைத்தான் அனுப்பவேண்டும். கிறிஸ்ரோபருக்கு அது சரிவராது. போட்டோவை இரண்டாம் வருஷப் பதிவுப் படிவத்தில் ஒட்டியாயிற்று. பெர்னடெட் சட்டைகளைத் திரும்ப மினுக்கிக்கொண்டிருக்கிறா. அதோடு, பதினைந்தாம் திகதி நான் மீனோடு வந்து, கண்ணைப் பார்த்து நல்ல மீன் எடுக்க வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று மிஸ் கேட்டிருக்கிறா. ஜெசிதாவை அங்கே அனுப்பிவிட்டால் எனக்கு ஆர் மொழிபெயர்ப்பது?

ஆகையால் கவர் மெல்லிசாய் இருக்கும், கருவாட்டுப் பொதி கொஞ்சம் பாரமாய் இருக்கும், குறை நினைக்கவேண்டாம். ஏசவேண்டும் போலிருந்தால் ரெலிபோன் எடுத்து ஏசுங்கள். இந்த முறை நான் ஒரு சொல்லும் குறுக்கே கதைக்கமாட்டேன்.