நீதிபதிகள் கெட்ட இடம்

வேலைக்கு மனுப் போடும்போது எல்லோரும் ஒரு பொய்யாவது எழுதுகிறோம். நீச்சல் தெரியும் என்பான் ஒருவன். புத்தகம் படிப்பதுதான் பொழுதுபோக்கு என்பாள் இன்னொருத்தி. நான் எழுதியது: 'தமிழ் – பேச, படிக்க, எழுதத் தெரியும்.'

இதில் 'பேச' மட்டும் உண்மை. அதுவும் பாதிதான். நான் பிறந்து வளர்ந்தது புனேயில், தாபோடியில். அப்பா ஆகுர்டியில் ஒரு கார் ஃபேக்டரியில் ஃபிட்டர். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். அதிலும் காய்கறிக்கு மராத்தி, சண்டைக்கு ஹிந்தி. படித்தது மராத்திப் பள்ளியில். ஊரிலிருந்து மாமா கொண்டுவரும் தமிழ்க் காலண்டரில் படம் மட்டும் பார்ப்பேன்.

ஆனால் பொய் பலித்தது. நகரத்தின் நடுவில் ஒரு பழைய நீதிமன்றத்தைப் புதுப்பித்து ஐந்து நட்சத்திர ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே விருந்தினர்களைக் கவனிக்கும் வேலை, ஆறு மாதப் பயிற்சி. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. விசாரணை மண்டபம் சாப்பாட்டுக் கூடமாகியிருந்தது. நீதிபதி உட்காரும் மேடையும் சாட்சிக் கூண்டும் பாலிஷ் போட்டு அப்படியே இருக்கும். (லாக்-அப்பில் மசாஜ் செய்வார்கள். முன்பும் செய்திருப்பார்கள், வேறு விதமாக.) தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தினர்களுக்கு இதையெல்லாம் சுற்றிக்காட்டுவது வழக்கம்.

ஐந்தாவது மாதம், எங்கள் மேனேஜர் குல்கர்ணி மேடம் கூப்பிட்டார். "நாளைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருது. பெரியவர் ரிட்டயர்டு ஜட்ஜ். டூரை நீ தமிழ்லயே பண்ணிடு, அசந்துபோயிடுவாங்க," என்றார் மராத்தியில்.

"இங்கிலீஷ்ல பண்ணட்டுமா, மேடம்?"

"ஏன்? உன் அப்ளிகேஷன்ல தமிழ்னுதானே போட்டிருக்கே?"

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவை டீகூடக் குடிக்க விடாமல் உட்கார வைத்தேன். அவர் பத்தாவது வரை தமிழில் படித்தவர். "ஏட்டி, ஜட்ஜ் முன்னால நம்ம வீட்டுத் தமிழ் சரிப்படாது. நான் புஸ்தகத் தமிழ்ல சொல்லுதேன், எழுதிக்க," என்றார். அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த மராத்தி எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டேன். சனியன் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. மராத்தி எழுத்தில் 'கெ'வும் 'கே'வும் ஒன்றுதான். 'சொ'வும் 'சோ'வும் ஒன்றுதான். எழுதும்போது எது எது என்று தெரிந்தது.

மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள். ஜட்ஜ் மடிப்புக் கலையாத வேட்டியில் முன்னால் நின்றார். சிரித்தே பழகாத முகம். எனக்கு வியர்த்த வியர்வையில் அட்டையின் ஓரம் ஊறிப்போனது. பின்னால் மேடம் கைகட்டி நின்றார்.

"வணக்கம்" என்றேன். அது ஒன்றுதான் சரியாக வந்தது. மேடையைக் காட்டினேன். "இங்கே அமர்ந்துதான் பல ஆண்டுகளாக நீதிபதிகள் கெட்டார்கள்."

(அப்பா சொன்னது 'கேட்டார்கள்'.)

ஜட்ஜ் மெதுவாக வாயைத் திறந்தார். "எப்படிம்மா கெட்டாங்க?"

மதுரையில் 'கேட்டாங்க' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். "ரொம்பப் பொறுமையா, சார். தினமும் பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும்."

"லீவு கிடையாதா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும், சார்."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா அழுகிறார் என்று எனக்குப் பட்டது. பயத்தில் அர்த்தமெல்லாம் மறந்து, எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினேன். "இங்கே வந்தவை பெரும்பாலும் அண்ணன் தம்பிகளின் சோத்துத் தகராறுகள்."

"சோத்துக்கா?" என்றார் ஜட்ஜ், சுற்றியிருந்த சாப்பாட்டு மேஜைகளைப் பார்த்தபடி.

"ஆமா சார். கொலை வரைக்கும் போயிருக்கு."

மருமகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஜட்ஜின் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. என் வேலைக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது அவர் கருத்துப் படிவத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேடம் அதை என்னிடம் நீட்டினார்.

"படி."

எனக்கு அடையாளம் தெரிந்தது கையெழுத்து மட்டும்; அது இங்கிலீஷில் இருந்தது. படிக்கத் தெரியாது என்று சொன்னால் அந்த நிமிடமே வீடு. "டூர் ரொம்ப நல்லா இருந்துச்சாம், மேடம்."

"அதுக்கு ஒரு பக்கமா?"

"தமிழ்ல ஒரே விஷயத்தைப் பல விதமாச் சொல்லுவாங்க, மேடம்."

மேடம் நெகிழ்ந்துபோனார். சாயங்காலத்துக்குள் அதற்குத் தங்க நிறச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்.

மொபைலில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "'குழாயில் வெந்நீர் வரவில்லை. சாம்பார் பாயசம்போல் இனிக்கிறது. மூன்று முறை சொல்லியும் யாரும் கேட்கவில்லை. சுற்றிக்காட்டிய பெண் மட்டும், என் முப்பது வருட வேலையில் எவரும் சொல்லத் துணியாததை முகத்துக்கு நேரே சொன்னாள். அவளை விடுதலை செய்கிறேன். சமையல்காரரை விட முடியாது.'"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதேன்.

"நாளைக்கே மேடம்ட்ட உண்மையச் சொல்லிரு," என்றார் அப்பா. சொல்லவில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது, பயமும் நிரந்தரமானது. தமிழ் விருந்தினர் யாராவது அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்றால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அவர்கள் படிப்பார்கள், சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். மேடம் பூரிப்பார். இதற்கிடையில் அம்மாவிடம் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டேன். நானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ், சுவரில் தொங்கிய அந்தப் புகார்தான்.

இரண்டு வருடம் கழித்து, ஹோட்டலின் விளம்பரப் புத்தகத்தில் அந்தக் கடிதத்தை அச்சடிக்கலாம் என்று மேடம் சொன்ன அன்று, அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப வெந்நீர் வருதா?"

"வருது, மேடம்."

"சாம்பார்?"

"இன்னும் இனிக்குது, மேடம்."

"புத்தகத்துல வேண்டாம். சுவர்ல இருக்கட்டும். அதைப் படிச்சுச் சிரிச்சவங்க யாரும் இதுவரைக்கும் புகார் எழுதினதில்ல."

வீட்டில்தான் எனக்கு இன்னும் விடுதலை இல்லை. அப்பா டிவியில் செய்தி கேட்கும் நேரத்தில் ஹோட்டலிலிருந்து நான் போன் செய்தால், அம்மா எடுத்து, சிரிக்காமல் சொல்வாள்: "உங்கப்பா கெட்டுக்கிட்டு இருக்காவ. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு."