பாலைவனத்தில் வெடிபூதம் விட்டேன்

இந்தத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன். பட்டாசு செய்யும் ஊரான தாயில்பட்டியில் முதல் சரத்தை மருமகன்தான் பற்றவைக்க வேண்டும் என்பது மாமனார் முனியசாமி போட்ட சட்டம். எனக்கோ வெடிச்சத்தம் ஆகாது. திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் போடுகிறேன். பெட்டிக்குள் இருப்பதோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருஷம் ஊதுபத்தி திரியைத் தொடும் முன்பே ஓடி, பக்கத்துத் தெருவில்தான் நின்றேன். அந்தத் தெருவும் சிரித்தது.

மனைவி மாரிசெல்வி போயே தீரணும் என்றாள். அதனால் பந்தயம்.

நாங்கள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவோம். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டலாம்; பேய், பூதம் வந்து இடிக்கவும் செய்யும். விளையாட்டை ஓட்டும் சர்வர் என்னுடையது. என் வீடு புல்வெளியில், அவள் வீடு பாலைவனத்தில். ஞாயிற்றுக்கிழமை யார் வீடு நிற்கிறதோ அவர் சொல்கிற இடத்தில் தீபாவளி. ஒருவர் வீட்டில் மற்றவர் கை வைக்கக் கூடாது.

"ரெண்டும் நின்னுச்சுன்னா?"

"உங்க அப்பா வீடுதான், போ" என்றேன் பெருந்தன்மையாக.

எந்த நிலத்தில் எந்தப் பிராணி தானாக முளைக்கும், எத்தனை கூட்டமாக வரும் என்பதை ஒரு ஃபைலில் சர்வர்காரன்தான் எழுதுகிறான். புல்வெளிக்கு ஆடு, மாடு, கோழி மட்டும் வைத்தேன். பாலைவனத்தில் மற்றதையெல்லாம் தூக்கிவிட்டு வெடிபூதத்தை மட்டும் விட்டேன். பச்சையாக இருக்கும். சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து வெடிக்கும். சுவர் போய்விடும். வேறு சில பேய்கள் வெயிலில் எரிந்துவிடும், இது எரியாது. கூட்டத்தையும் கூட்டிவிட்டு சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். நான் கை வைக்கவில்லை. பூதத்துக்குக் கையே கிடையாது.

"என்னங்க, எங்க பக்கம் ஒரே பூதமா நிக்கு?"

"இயற்கை."

"உங்க பக்கம்?"

"கோழி."

"நல்லாத்தான் இருக்கீக."

அவள் வீடு விழவில்லை. பட்டாசுக் கம்பெனி மாதிரி ரூமுக்கு ரூம் தூரம் விட்டு, நாலு பக்கமும் வாசல் வைத்துக் கட்டியிருந்தாள். ஒரு ரூம் போனால் மற்றது நிற்கும். போனதைச் சோறு வடிப்பதற்குள் கட்டிவிடுவாள்.

"பூதத்தை வெடிக்க முன்னாடி அடிச்சா வெடிமருந்து விழுதுங்க. அம்புட்டும் சேத்து வச்சிருக்கேன்."

"பத்திரமா வச்சுக்கோ" என்றேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடும் நின்றன. என் வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு கம்பம், அதில் காலிங்பெல்.

"இது யாரு வச்சா?"

"நான்தான். இம்புட்டுப் பெரிய வீட்டுக்கு ஒரு பெல் வேண்டாமா? அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். வீட்டுக்கு அடியில் தொடங்கி, மாட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு என்று வரிசையாக வெடித்துக்கொண்டே போனது. அந்த விளையாட்டில் மருந்தையும் மணலையும் சேர்த்தால் வெடிப்பெட்டி. மணல் அவள் வாசலில் கிடந்தது. மருந்தை நான் லோடு லோடாக அனுப்பியிருக்கிறேன், அதுவும் தாயில்பட்டியில் பிறந்தவளுக்கு.

"கை வைக்கக் கூடாதுன்னு பேசுனோமா இல்லையா!"

"நான் வீட்டைத் தொடவே இல்லையே. அடியில மண்ணைத்தான் தோண்டுனேன். அமுக்குனது யாரு கை?"

அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

"அப்பா, பெரிய சரமாவே எடுத்து வைங்க. இவுக ஒத்திகை முடிச்சுட்டாக."